அறுபதும் பதின்மூன்றும்

பிரான்சில் பேசும் பிரெஞ்சு மொழியில் எழுபது என்ற எண்ணுக்குத் தனிச்சொல் கிடையாது. ‘சுவாசாந்த் தீஸ்’ என்பார்கள். அறுபதும் பத்தும் என்று பொருள். எழுபத்தொன்று என்றால் அறுபதும் பதினொன்றும். இப்படியே எழுபத்தொன்பது வரை போகும். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குச் சிறுவயதில் இது பெரிய தொல்லை. கணக்கு வகுப்பில் நாக்கு சிக்கிக்கொள்ளும், வாத்தியார் பிரம்பை எடுப்பார். இப்போது அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு வயது 73. தமிழில் சொன்னால் கிழவன். பிரெஞ்சில் சொன்னால் ‘சுவாசாந்த் த்ரேஸ்’, அதாவது அறுபதும் பதின்மூன்றும். அறுபதில் அரசாங்கம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பின் நான் பதின்மூன்று வயதுப் பையன். பதின்மூன்று வயதுப் பையன் விளையாடாமல் வேறென்ன செய்வான்?

எட்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள் காலையில் பிக்கிள்பால் ஆடுகிறேன். இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் “அது என்ன சார், ஊறுகாய்ப் பந்து?” என்கிறார்கள். மீதிப் பேர் “இந்த வயசுல இது தேவையா?” என்கிறார்கள். முதல் கேள்விக்கு விடை சுலபம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இன்றைய பதிவு.

கோப்பு எழுதிப் பழகிய கை. பரிந்துரையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எழுபதைத் தொட்டவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது. இதுவரை நாம் தொட்டே பார்க்காத ஏதாவது ஒன்றில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். அது விளையாட்டாக இருந்தால் மிகவும் நல்லது. அதற்கு இந்த ஊறுகாய்ப் பந்து நன்றாகவே பொருந்துகிறது. காரணங்களைக் கீழே வரிசையாக வைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு அருகே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. ஜோயல் பிரிட்சர்ட் என்பவர் அப்போது அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். கோடை விடுமுறையில் பிள்ளைகள் பொழுது போகாமல் நச்சரித்தார்கள். வீட்டில் பழைய பேட்மின்டன் தளம் இருந்தது, ஆனால் ஆடுவதற்கான சாமான் ஒன்றும் சரியாக அகப்படவில்லை. அவரும் அவர் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டைகளையும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தையும் எடுத்து ஆடிப் பார்த்தார்கள். பந்து நன்றாக எழும்பியது. வலையைக் கீழே இறக்கினார்கள். பார்னி மெக்கல்லம் என்ற மற்றொரு நண்பர் ஒட்டுப்பலகையை அறுத்து மட்டை செய்தார். கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றிய ஆட்டம் அது. 2022-இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ விளையாட்டாகவே அறிவித்துவிட்டது.

பெயருக்கு இரண்டு கதைகள் உண்டு. அந்த வீட்டு நாயின் பெயர் என்பது ஒன்று. நாய் பிறகுதான் வந்தது, ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்தோம் என்று பிரிட்சர்ட் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் வேறு. படகுப் போட்டியில் நல்ல படகுகளுக்கு ஆள் எடுத்த பின் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஒரு படகில் உட்கார வைப்பார்களாம். அதற்கு ‘பிக்கிள் படகு’ என்று பெயர். பல ஆட்டங்களின் மிச்சம் மீதியைச் சேர்த்துச் செய்த ஆட்டம் என்பதால் பிரிட்சர்டின் மனைவி ஜோன் அந்தப் பெயரை வைத்தார். மிஞ்சியவர்களின் படகு! ஓய்வூதியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

தளம் 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை ஓரங்களில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் இருக்கும். பந்தின் எடை 25 கிராம் அளவுதான். சர்வீசை இடுப்புக்குக் கீழிருந்து, கையைத் தாழ்த்திப் போட வேண்டும். சர்வீஸ் பந்து எதிர்த்தரப்பில் ஒருமுறை தரையில் குத்தி எழ வேண்டும், அவர்கள் திருப்பி அடித்த பந்து நம் பக்கம் ஒருமுறை குத்தி எழ வேண்டும். அதன் பிறகுதான் அந்தரத்தில் அடிக்கலாம். பொதுவாக 11 புள்ளி, இரண்டு வித்தியாசத்தில் வெற்றி.

வலைக்கு இருபுறமும் ஏழேழு அடிக்கு ஒரு பகுதி உண்டு. அங்கே நின்றுகொண்டு அந்தரத்தில் வரும் பந்தை அடிக்கக் கூடாது. தரையில் விழுந்து எழுந்தால் உள்ளே போய் அடிக்கலாம். அந்தப் பகுதிக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிச்சன்’. புதுவைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? எங்கள் குழுவில் அது முதல் நாளே ‘குசினி’ ஆகிவிட்டது. பந்தைத் துரத்திக்கொண்டு நான் அந்தக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் என் மனைவி சொல்லுவாள்: “நாப்பத்தஞ்சு வருஷமா நம்ம வீட்டுக் குசினிக்குள்ள காலை வைக்காத மனுஷன், இங்க மட்டும் ஏங்க ஓடி ஓடி நுழையறீங்க?”

சிரித்தாலும், அந்தக் குசினி விதியில்தான் விஷயம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் உயரமானவனும் இளைஞனும் வலையருகே நின்று ஓங்கி அடித்தே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். ஏழடி தள்ளி நிறுத்தியதால் பலத்தின் மதிப்பு குறைந்து நிதானத்தின் மதிப்பு கூடிவிட்டது. பந்தை மெல்லத் தட்டி வலையை ஒட்டி எதிராளியின் குசினிக்குள் விழவைக்கத் தெரிந்தவர்தான் இங்கே கெட்டிக்காரர். மூத்தவர்களுக்குச் சலுகை என்று யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் விதி நம் பக்கம் இருக்கிறது.

புதுவையில் பிறந்தவர்களுக்கு இப்படிப்பட்ட விதி புதிதல்ல. நம்மூர் சொல்தாமார்கள் மாலை நேரத்தில் இரும்புக் குண்டு வீசி ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதன் கதையும் இதே மாதிரிதான். பிரான்சின் தெற்கே லா சியோத்தா என்ற ஊரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ழூல் லெனுவார் என்ற ஆட்டக்காரர் இருந்தார். அந்நாளில் குண்டு வீசுவதென்றால் சில அடிகள் ஓடிவந்து வீச வேண்டும். அவருக்கு மூட்டுவாதம், ஓட முடியவில்லை. நன்றாக ஆடிய மனிதர் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை நண்பர் எர்னெஸ்ட் பித்தியோவால் பொறுக்க முடியவில்லை. வட்டம் போட்டு, இரண்டு பாதத்தையும் ஊன்றி நின்ற இடத்திலிருந்தே வீசலாம் என்று விதியை மாற்றினார். ‘பாதம் ஊன்றி’ என்ற பொருள்படும் அவ்வூர்ப் பேச்சுவழக்குதான் பெத்தாங்க் என்ற பெயராயிற்று. ஒருவர் ஆட்டத்தைவிட்டு விலகக் கூடாது என்பதற்காக ஆட்டத்தையே மாற்றினார்கள். இன்று உலகமெங்கும் அதை இளைஞர்களும் ஆடுகிறார்கள்.

அப்படியானால் பெத்தாங்க் ஆடலாமே, எதற்கு அமெரிக்க ஆட்டம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பெத்தாங்க் ஆடுமிடத்தில் நாற்பது வருஷமாகக் குண்டு வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் நான் வேடிக்கை பார்க்கிற ஆள். பிக்கிள்பால் நம்மூருக்கு வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே அங்கே வருகிற எல்லாருமே தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள். யாருக்கும் யாரைவிடவும் பணிமூப்பு இல்லை.

இந்தப் பணிமூப்பு என்ற சொல்லின் கனம் அரசுப்பணியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். யார் எந்த நாற்காலியில் உட்காருவது, யார் எழுந்து நிற்பது, யார் கையெழுத்துக்குக் கீழே யார் கையெழுத்து என்று வாழ்நாள் முழுவதும் ஒரு பட்டியலுக்குள் வாழ்ந்தோம். ஓய்வு பெற்றால் அந்தப் பட்டியல் முடிந்துவிட வேண்டும், முடிவதில்லை. கடற்கரைச் சாலையில் காற்று வாங்க உட்காரும்போது கவனித்துப் பாருங்கள். துணைச் செயலாளராக இருந்தவர் நடுவில் உட்காருவார், கண்காணிப்பாளர் பக்கத்தில், எழுத்தர் ஓரத்தில். அலுவலக உதவியாளராக இருந்தவர் உட்காரவே மாட்டார், நின்றபடி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவார். பேச்சும் பழைய பேச்சுதான். அகவிலைப்படி, சர்க்கரை அளவு, பாரீசில் இருக்கும் பையன், எந்த இயக்குநர் யாருக்கு எப்படிப் பதவி உயர்வைத் தடுத்தார் என்ற முப்பது வருஷத்துக் கதை.

எங்கள் ஆட்டக்குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். இன்னொருவர் அலுவலக உதவியாளராக இருந்தவர். அவர் பள்ளி நாளில் பூப்பந்து ஆடியவர், கண்ணும் கையும் இன்னும் தயாராக இருக்கின்றன. எங்களில் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். இருவரும் ஒரே பக்கம் நின்று ஆடும்போது, “சார், குசினி! பின்னாடி வாங்க!” என்று அவர் சத்தம் போடுகிறார். அதிகாரி சட்டென்று பின்னால் வருகிறார். புள்ளி கிடைத்ததும் இருவரும் மட்டையோடு மட்டை தட்டிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுக்கும் பையனுக்கு 24 வயதுதான். அவனுக்கு நாங்கள் எல்லாருமே ‘அங்கிள்’. பணியில் இருந்த காலத்தில் எந்தச் சுற்றறிக்கையாலும் கொண்டுவர முடியாத சமத்துவம் இது.

எங்கள் தலைமுறைப் புதுவைக்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை அடியிலிருந்து தொடங்கியவர்கள்தான். 1954-இல் ஆட்சி கைமாறியது, 1962-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சில் படித்துவிட்டு நான் வேலையில் சேர்ந்தபோது கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. இருபத்திரண்டு வயதில் ஆங்கிலத்தில் குறிப்பு எழுத அகராதியும் கையுமாக உட்கார்ந்து கற்றேன். சம்பளத்துக்காகக் கற்றது அது, கற்காவிட்டால் அடுப்பு எரியாது. இன்று கற்பதற்கு அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை. தோற்றால் ஆண்டு மதிப்பீட்டில் யாரும் எழுதப் போவதில்லை. ஜெயித்தாலும் பதவி உயர்வு வராது. நிர்ப்பந்தமில்லாமல் ஒன்றைக் கற்கும் சுகம் நம்மில் பலருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. கிடைக்கிற காலத்தில் அதை ஏன் விட வேண்டும்?

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வீட்டுப் பெண்கள்.

என் மனைவிக்கு வயது 68. அவள் தெருவில் பாண்டி ஆடியது பன்னிரண்டு வயது வரை. அதன் பிறகு வீட்டுக்குள் பல்லாங்குழி, தாயம். கல்யாணத்துக்குப் பின் அதுவும் இல்லை. இது அவள் ஒருத்தியின் கதை மட்டுமா? நம் தலைமுறையில் பெரும்பாலான பெண்களுக்கு வயதுக்கு வந்த நாளோடு ஓட்டம் நின்றுபோயிற்று. ஆண்கள் நமக்காவது பள்ளியில் கால்பந்து, கல்லூரியில் கைப்பந்து என்று ஏதோ இருந்தது. அவர்களுக்கு உடம்பு என்றால் வேலை செய்வதற்கும் பிள்ளை பெறுவதற்கும், பிறகு வலிப்பதற்கும்தான்.

முதல் நாள் அவள் புடவையோடு ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். இரண்டாவது வாரம் மட்டையைக் கையில் வாங்கினாள். மூன்றாவது வாரம் மருமகள் சுடிதாரும் ஷூவும் வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் வலைக்கு அருகே விழுந்த பந்தை எடுக்க நாலடி ஓடினாள், எடுத்தும்விட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், “நான் ஓடி எத்தனை வருஷம் ஆச்சுங்க?” என்று கேட்டாள். கணக்குப் போட்டேன், 56 வருஷம். நான் பதில் சொல்லவில்லை. இப்போது குழுவில் அவளோடு மூன்று பெண்கள். ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர், ஒருவர் பள்ளி ஆசிரியை. பந்தை மெல்லத் தட்டுவதில் எங்களைவிட அவர்கள் மூவரும் தேர்ந்தவர்கள். ஆண்களுக்கு ஓங்கி அடிக்கும் ஆசை எழுபதிலும் போகவில்லை, அதனால் புள்ளி போகிறது.

உடம்புக்கு வருவோம். டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கிறேன், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நடை மிக நல்லது, நானும் விடவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. உடல் சமநிலைக்கும் தசைவலுவுக்கும் உரிய பலவகைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்றும் சொல்கிறது. காரணம், நம் வயதில் பெரிய பயம் விழுவதுதான். நேராக நடக்கிறவனுக்குப் பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைக்கும் பழக்கம் போய்விடுகிறது. சட்டென்று நிற்கவும் திரும்பவும் தெரிவதில்லை. விளையாட்டில் பந்து இதையெல்லாம் கேட்டு வாங்கிவிடும்.

மூளைக்கும் வேலை உண்டு. இந்த ஆட்டத்தில் புள்ளியை மூன்று எண்ணாகச் சொல்ல வேண்டும். சர்வீஸ் போடும் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, போடுபவர் அணியில் முதலாமவரா இரண்டாமவரா என்பது. ஆட்டம் தொடங்கும்போதே பூஜ்யம், பூஜ்யம், இரண்டு. அவசரத்தில் எனக்கு வாயில் பிரெஞ்சுதான் வரும்: “ஸெரோ, ஸெரோ, தெ!” எதிரே நிற்பவர்கள் முழிப்பார்கள்.

மறுப்புகளையும் வைக்கிறேன், ஒருதலைப்பட்சமாகக் குறிப்பு எழுதக் கூடாது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? நியாயமான பயம். இந்த ஆட்டத்தில் பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுவார்கள், குதிகால் தடுக்கும், கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு முறியும். அதனால் எங்கள் குழுவில் ஒரு சட்டம்: தலைக்கு மேல் போகும் பந்துக்கு ஒரு வணக்கம் போட்டு விட்டுவிட வேண்டும். ஒரு புள்ளிதானே போகும். ஈரத் தரையில் ஆடுவதில்லை. நடைக்குப் போடும் ஷூ முன்னோக்கிப் போவதற்குச் செய்தது, பக்கவாட்டில் காலை வைத்தால் மடங்கும். உள்ளரங்க ஆட்டங்களுக்கான தட்டையான அடி உள்ள ஷூ வேண்டும். இதயத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் காலை ஏழரைக்கு மேல் வெளித்தளத்தில் நிற்கக் கூடாது.

சத்தம் அதிகம் என்பார்கள். உண்மை. கெட்டியான மட்டையில் பிளாஸ்டிக் பந்து படும்போது டக் டக்கென்று கேட்கும். அமெரிக்காவில் தளத்துக்கு அருகே குடியிருப்பவர்கள் வழக்குப் போடும் அளவுக்குப் போயிருக்கிறது. ஆகவே வீடுகளை ஒட்டிப் புதிய தளம் கட்டுவதற்கு நான் ஆதரவில்லை.

பணக்காரர் ஆட்டம் என்பது மூன்றாவது மறுப்பு. இதில்தான் எனக்கு வருத்தம். நாங்கள் ஆடும் தனியார் தளத்துக்கு மணிக்கு 400 ரூபாய். நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கு 100. வாரம் மூன்று நாள் என்றால் மாதம் 1,200-க்கு மேல். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு முடிகிறது. முதியோர் உதவித்தொகையை நம்பி இருக்கும் ஒருவருக்கு, கணவனை இழந்து பிள்ளையின் கையை எதிர்பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, இது எட்டாத தொகை. பணம் கொடுத்தாலும் எல்லா இடத்திலும் மரியாதை கிடைப்பதில்லை. ஓரிடத்தில் நேரம் கேட்டபோது, “உங்க வயசுக்கு யோகா போதுமே சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் ஒரு யோசனை. மேலே தளத்தின் அளவைச் சொன்னேன் அல்லவா, 44 அடிக்கு 20 அடி? பேட்மின்டன் இரட்டையர் தளத்தின் அளவும் அச்சாக அதேதான். இந்த ஆட்டமே பேட்மின்டன் தளத்தில் பிறந்ததால் அப்படி. பேட்மின்டனில் வலையிலிருந்து ஆறரை அடியில் ஏற்கெனவே ஒரு கோடு இருக்கிறது. அரையடி தள்ளி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வண்ண நாடாக்களை ஒட்டினால் குசினி தயார். வலையை ஐந்தடியிலிருந்து மூன்றடிக்கு இறக்கினால் தளமே தயார். புதிய கட்டடம் வேண்டாம், ஒப்பந்தப்புள்ளி வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம்.

நம் பள்ளி, கல்லூரிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் உள்ளரங்குகளிலும் பேட்மின்டன் தளங்கள் எத்தனை இருக்கின்றன! காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை அவற்றில் பல சும்மா கிடக்கின்றன. அந்த நேரத்தில்தான் முதியவர்களும் வீட்டில் சும்மா இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டால் போதும். பத்து மட்டை, இரண்டு டஜன் பந்து, ஒரு முதலுதவிப் பெட்டி, வெயிலுக்குக் குடிக்கத் தண்ணீர். இந்தக் கோப்பை நான் எழுதியிருந்தால் ஒன்றரைப் பக்கத்தில் முடித்து, அன்று மாலையே கையெழுத்துக்கு அனுப்பியிருப்பேன். பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்கட்டும். பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் முயன்றாலும் முடியும். நம்மில் பலர் அவற்றில் உறுப்பினர்தானே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடற்கரையில் நாங்கள் உட்காரும் இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன் ஏழு பேர் இருந்தோம். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவர் பிள்ளையோடு பிரான்சுக்குப் போய்விட்டார். ஒருவர் முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கிறார். மீதி மூன்று. இந்தக் கணக்கு ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். பழைய நண்பர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். எழுபதுக்கு மேல் புதிய நண்பர் எங்கிருந்து வருவார்? கல்யாண வீட்டில், துக்க வீட்டில் பார்ப்பவர்களெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்கள். நமக்குத் தெரியாத காரியம் ஒன்றில் இறங்கினால்தான் நமக்குத் தெரியாத மனிதர்கள் கிடைப்பார்கள். இந்த எட்டு மாதத்தில் எனக்கு ஒன்பது புதிய நண்பர்கள். அவர்களில் யாருக்கும் நான் எந்தத் துறையில் வேலை பார்த்தேன் என்பது சரியாகத் தெரியாது, கேட்டதும் இல்லை. என் சர்வீஸ் இடப்பக்கம் சரியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முழங்கால் வலிக்காரரையும் விடவில்லை. ஆட முடியாவிட்டால் என்ன, புள்ளி சொல்ல ஆள் வேண்டும் என்று ஆட்டோ அனுப்பி வரவழைத்தோம். நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்து மூன்று எண்ணையும் பிசகாமல் சொல்கிறார். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். தணிக்கைத் துறையில் இருந்தவர்.

தொடங்க நினைக்கும் நண்பர்களுக்குக் கடைசியாக நாலு வார்த்தை. தனியாகப் போகாதீர்கள், நால்வராகச் சேர்ந்து போங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். மட்டையை உடனே வாங்காதீர்கள், ஒரு மாதம் இரவல் மட்டையில் ஆடிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் புள்ளி எண்ணாதீர்கள், பந்து வலையைத் தாண்டினாலே கைதட்டுங்கள். உங்களைவிடச் சின்னவர் சொல்லிக்கொடுத்தால் மறுபேச்சுப் பேசாமல் கேளுங்கள், அந்தப் பழக்கம் வீட்டிலும் உதவும். ஆடி முடித்த பின் காபி குடிக்காமல் கலையாதீர்கள்.

நாளை திங்கள்கிழமை. ஆறு மணிக்குத் தளத்தில் இருக்க வேண்டும். மனைவி ஷூவை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள், முதலில் தன்னுடையதை, பிறகு என்னுடையதை.